சாம்பி குடிக்காத தண்ணீர்

அந்தக் காலத்தில் ஆட்டிடம் ஒன்று கேட்டால் ஆடு பதில் சொல்லும். மாடு சொல்லும், கோழி சொல்லும், தேனீகூட இரைச்சலை நிறுத்திவிட்டு இரண்டு வார்த்தை பேசும். பன்றி மட்டும் யாரும் கேட்காமலே பேசிக்கொண்டிருக்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பேச்சு என்று ஒன்று இருந்ததால் முறை என்றும் ஒன்று இருந்தது. எந்த உயிரிடமிருந்தும் எதையும் கேட்காமல் எடுக்கக் கூடாது. பால் வேண்டுமென்றால் மாட்டிடம் கேட்க வேண்டும். "கன்னுக்குட்டி குடிச்சு முடிக்கட்டும், மிச்சத்துல ஒரு செம்பு எடுத்துக்க" என்று அது சொல்லும். சில நாள், "இன்னிக்கு இல்ல, போ" என்று வாலால் முகத்தில் ஒன்று போட்டு அனுப்பிவிடும். கோழி, "இந்த ரெண்டையும் எடுத்துக்க. அந்த நாலும் அடைக்கு வச்சது, கைய நீட்டுன கொத்திப்புடுவேன்" என்று சொல்லும். தேனீக்கள், "மேக்குப் பக்கத்து அடைய மட்டும் அறுத்துக்க, புகை போடாத" என்று சொல்லும்.

கறி எப்படி என்றுதானே கேட்கிறீர்கள்? அதையும் கேட்டுத்தான். எந்த ஆடு தன்னை வெட்டச் சம்மதிக்கும் என்று தோன்றும். எப்போதாவது ஒன்று சம்மதிக்கும். பல்லெல்லாம் விழுந்து, இலை கடிக்க முடியாமல், ஏறிய பாறையிலிருந்து இறங்க முடியாமல் நிற்கிற கிழட்டுக் கிடாய், "சிறுத்த வாயில போறதுக்கு உங்க வாயில போறேன், சண்டை போடாம பங்கு வச்சுத் தின்னுங்க" என்று சொல்லும். வருஷத்துக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. மனிதர்களுக்கு இதில் மனக்குறைதான். என்ன செய்வது, முறை என்றால் முறை.

கேட்பதற்கென்றே ஊருக்கு ஓர் ஆள் உண்டு. ஈச்சம்பாறை என்ற ஊரில் அந்த வேலை சடைச்சியுடையது. அவளிடம் ஒரு செம்பு இருந்தது. அதில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போய், அந்த உயிரின் முன்னால் வைத்துக் கேட்பாள். சம்மதம் என்றால் அது செம்பிலிருந்து ஒரு வாய் குடிக்கும். குடிக்காவிட்டால் இல்லை என்று அர்த்தம். செம்பை எடுத்துக்கொண்டு மறுபேச்சில்லாமல் திரும்பிவிட வேண்டும்.

பாலுக்கும் முட்டைக்கும் அவள் தனியாகப் போய் வருவாள். கறி கேட்கப் போகிற அன்று மட்டும் ஊரே பின்னால் வரும். ஆனால் ஊர்க்காரர்கள் கிட்டே போகக் கூடாது. கூட்டத்தைப் பார்த்துப் பயந்துபோய் அந்த உயிர் சரி என்று சொல்லிவிடக் கூடாதல்லவா? அதற்காக நூறடி தள்ளி, புளியமரத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுவார்கள். அங்கிருந்து பார்க்கலாம், பேசுவது காதில் விழாது. சடைச்சி திரும்பி வந்து என்ன சொல்கிறாளோ அதுதான் பதில்.

சடைச்சி பொய் சொல்ல மாட்டாள். அதனால்தான் அவளிடம் அந்த வேலை இருந்தது. அவளிடம் இருந்த குறை வேறு. அவளுக்குப் பொறுமை கிடையாது. காலில் சக்கரம் கட்டிய பிறவி. கஞ்சி கொதிப்பதற்குள் மூன்று முறை மூடியைத் திறப்பாள். விதைத்த மறுநாளே முளை வந்திருக்கிறதா என்று மண்ணைக் கிளறிப் பார்ப்பாள். மாடு யோசித்துப் பதில் சொல்வதற்குள் இவள் நான்கு முறை இடுப்பில் கையை மாற்றி வைத்திருப்பாள். "நீ முதல்ல உக்காரு தாயி, உன்னப் பாத்தா எனக்கே தலை சுத்துது" என்று செவலைப் பசு பல தடவை சொல்லியிருக்கிறது.

இப்படி இருக்கும்போது ஒரு பஞ்சம் வந்தது. இரண்டு வருஷம் மழை இல்லை. ஆடி மாதம் வந்தது, மழைக்குப் பதிலாகக் காற்றுதான் வந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஈச்சம்பாறையில் அம்மி மட்டும்தான் பறக்கவில்லை. கூரைக் கீற்றுகள் இரவும் பகலும் படபடவென்று அடித்துக்கொண்டன. கண்ணிலும் சோற்றிலும் மண். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் சண்டை வந்தது. கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. செவலையும் மற்ற மாடுகளும் வற்றிப்போய் எலும்பும் தோலுமாக நின்றன. ஆடுகள் ஒரு நாள் கூடிப் பேசி, மலை உச்சியில் கொஞ்சம் பச்சை இருக்கிறது என்று கிளம்பிப் போய்விட்டன. போகிறவற்றை யாரும் தடுக்கவில்லை, தடுக்கிற உரிமையும் இல்லை.

ஓர் ஆடு மட்டும் போகவில்லை. சாம்பி என்று பெயர், சாம்பல் நிறம். அது குட்டி போட்டு இருபது நாள்தான் ஆகியிருந்தது. ஒற்றைக் குட்டி. பிறக்கும்போதே முன்னங்கால் ஒன்று பலவீனம், பாறை ஏறாது. "நீங்க போங்க, கால் தேறினதும் நாங்க வர்றோம். மனுசங்க இருக்காங்கல்ல" என்று மந்தையிடம் சொல்லிவிட்டுச் சாம்பி குட்டியோடு ஊரோரத்துப் பாறையடியிலேயே தங்கிவிட்டது.

அந்த ஆடியில்தான் சடைச்சியின் மகள் தும்பைக்குப் பெண் குழந்தை பிறந்தது. தும்பைக்கு நல்ல சாப்பாடு இல்லை. குழந்தை பிறந்து ஆறு நாளாகியும் பால் சுரக்கவில்லை. குழந்தை மார்பைச் சப்பும், ஒன்றும் வராது, விட்டுவிட்டு அழும். முதல் மூன்று நாள் வீறிட்டு அழுதது. நான்காம் நாள் குரல் தேய்ந்தது. ஆறாம் நாள் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

சடைச்சி குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்கும் வாசலுக்கும் அலைந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். "ஆட்டு எலும்ப நசுக்கிப் போட்டு ரசம் வச்சுக் குடு. மறுநாளே மாருல பால் ஊறிரும்."

"ஆடு எங்க இருக்கு?" என்றாள் சடைச்சி.

எல்லோரும் பாறைப் பக்கம் பார்த்தார்கள்.

ஊர்த்தலைவன் வேங்கனுக்கு விஷயம் போனது. வேங்கன் கெட்டவன் இல்லை. பத்து மாதமாகக் கறியைக் கண்ணால் பார்க்காதவன், அவ்வளவுதான். "கேட்டுப் பாரேன் சடைச்சி. கேக்குறதுல என்ன இருக்கு? பச்சப் புள்ள உசுரு போகுதுன்னு சொல்லு" என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் ஊரில் பாதிப் பேர் புளியமரத்தடியில் போய் நின்றுவிட்டார்கள். சிலர் கையில் சட்டி வேறு இருந்தது.

சடைச்சி செம்பில் தண்ணீர் எடுத்தாள். ஊர்க்கிணற்றின் அடியில் கிடந்த கடைசிக் கலங்கல் தண்ணீர். எடுக்கும்போது அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. சாம்பி நேற்றிலிருந்து தண்ணீர் குடித்திருக்காது. உச்சி வெயில் ஏறட்டும், நன்றாகத் தாகம் எடுக்கட்டும், அப்புறம் போவோம் என்று நினைத்தாள். வாழ்நாளில் முதல் முறையாக அவள் பொறுமையாகக் காத்திருந்தது அன்றுதான், அதுவும் இதற்காக.

உச்சிவேளையில் போனாள். சாம்பி பாறை நிழலில் நின்றிருந்தது. குட்டி பாறைக்குப் பின்னால் படுத்திருந்தது. சடைச்சி செம்பைக் கீழே வைத்தாள். தண்ணீர் வாசனைக்குச் சாம்பியின் மூக்கு விரிந்ததை அவள் பார்த்தாள்.

"என்ன சடைச்சி, ஊரே திரண்டு வந்திருக்கு?" என்றது சாம்பி.

"எம் மகளுக்குப் பால் ஊறல. பேத்தி சாகக் கெடக்கா. உன் எலும்பு கெடச்சா ரெண்டு உசுரு பொழைக்கும்." அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

காற்று சாம்பியின் தாடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தது. "எனக்கும் ஒண்ணு இருக்கு சடைச்சி. இருபது நாள்தான் ஆகுது. இன்னும் இலை கடிக்கத் தெரியாது. நான் இல்லன்னா அது என்ன பண்ணும்?"

"நாங்க பாத்துக்குறோம்."

"எதக் குடுத்து?"

சடைச்சி இடுப்பில் கையை மாற்றி வைத்தாள்.

"ஒண்ணு செய்வோம்" என்றது சாம்பி. "எனக்கும் பால் கொஞ்சந்தான் வருது. அதுல காலையில ஒரு மடக்கு, சாயந்தரம் ஒரு மடக்கு உன் பேத்திக்குத் தர்றேன். கிண்ணம் எடுத்துட்டு வா. பத்து நாள் பொறு. எங்குட்டி இலை கடிக்க ஆரம்பிச்சதும் நானே உன் வாசல்ல வந்து நிக்கிறேன். உன் செம்புத் தண்ணிய நானே குடிக்கிறேன். எங்க சாதியில சொன்னா சொன்னதுதான்."

நியாயமான பேச்சு. இன்றைக்கு நினைத்தாலும் நியாயமான பேச்சுதான். ஆனால் சடைச்சிக்குப் பத்து நாள் என்ற சொல் பத்து வருஷமாகக் கேட்டது. சத்தம் வராமல் திறந்து மூடுகிற அந்தச் சின்ன வாய்தான் கண் முன்னால் நின்றது.

"யானைப் பசிக்குச் சோளப்பொரியா? ஒரு மடக்குல என்ன ஆகும்? பத்து நாள் தாங்காது சாம்பி. தண்ணியக் குடி."

"குடிச்சா சம்மதம்னு ஆயிரும்."

"தாகமா இல்லையா உனக்கு?"

"உசுரு போற தாகம்" என்றது சாம்பி. "அது தெரிஞ்சுதான நீ வெயில் ஏறுனப்புறம் வந்த?"

சுருக்கென்று தைத்தது. குற்றம் செய்தவன் பிடிபட்டுவிட்டால் அவனுக்கு முதலில் வருவது வெட்கம் இல்லை, கோபம். சடைச்சிக்கும் அதுதான் வந்தது. "குடிக்காட்டிப் போ!" என்று கத்திக்கொண்டே செம்பை எடுத்து அத்தனை தண்ணீரையும் சாம்பியின் தலையில் கொட்டிவிட்டாள்.

அதற்கு முன்னால் எந்தக் கேட்பவளும் அப்படிச் செய்ததில்லை.

காது, கொம்பு, கழுத்து எல்லாம் நனைந்து சாம்பி ஒரு கணம் அசையாமல் நின்றது. அப்புறம் நனைந்த எந்த ஆடும் செய்வதைத்தான் செய்தது. மூக்கிலிருந்து வால்வரை உடம்பைச் சிலிர்த்து, தலையைப் படபடவென்று உதறியது.

புளியமரத்தடியில் பெரிய கூச்சல் எழுந்தது. "தலையாட்டிருச்சு! சாம்பி தலையாட்டிருச்சு!"

அவர்கள் ஓடி வந்தார்கள். நூறடி ஓடி வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வார்த்தை சொல்கிற நேரம் தாராளமாக இருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை போதும். சாம்பி ஓடவில்லை. ஓடினால் ஓடியிருக்கலாம், ஆனால் குட்டி பாறைக்குப் பின்னால் இருந்தது. சாம்பி சடைச்சியின் முகத்தையே பார்த்தது. "நீ சொல்லு" என்றது. "அவங்க நீ சொன்னாத்தான் நம்புவாங்க. சொல்லு சடைச்சி."

வேங்கன் மூச்சிரைக்க வந்து நின்றான். "சம்மதந்தான?" என்று அவளைக் கேட்டான்.

சடைச்சி வாயைத் திறக்கவில்லை. ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காலி செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டது. மற்றது நடந்தது.

அன்று சாயங்காலம் தும்பை ரசம் குடித்தாள். மறுநாள் காலையில் மார்பு கனத்தது, பால் வந்தது. குழந்தை குடித்தது, குடித்துவிட்டுத் தூங்கியது. பாவம் செய்தால் உடனே கைமேல் பலன் கிடைக்கும் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது. சடைச்சி தன் கண்ணால் பார்த்தாள், சந்தோஷப்பட்டாள். ஆனாலும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட்டிய வாசலையே திரும்பத் திரும்பக் கூட்டினாள். காற்று மண்ணை அள்ளிப் போட்டது, அவள் தள்ளினாள், மறுபடியும் அள்ளிப் போட்டது.

வாசலில் அவளுக்குத் தொந்தரவாக இருந்தது மண் மட்டும் இல்லை. சாம்பியின் குட்டி நொண்டி நொண்டி வந்து நின்று, "எங்கம்மா எங்க?" என்று கேட்டது. சடைச்சி துடைப்பத்தை ஓங்கினாள். குட்டி விலகிப் போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்து, "எங்கம்மா எங்க?" என்றது. பகல் முழுவதும் இப்படியே. அதன் வயிறு ஒட்டிப்போயிருந்தது.

மூன்றாம் நாள் சடைச்சி சுள்ளி பொறுக்கப் போயிருந்தபோது குட்டி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. தும்பை அதைப் பார்த்தாள். "வா கண்ணு. உங்கம்மாதான் எங்களக் காப்பாத்துச்சு. மனசார வந்துச்சாமே?" என்றாள்.

"எங்கம்மா வேணாம்னுச்சு" என்றது குட்டி. "நான் பாறைக்குப் பின்னால இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். தண்ணி குடிக்கல. பத்து நாள் கழிச்சு வர்றேன்னுச்சு. உங்கம்மா தலையில ஊத்துனாங்க."

சடைச்சி சுள்ளிக்கட்டோடு உள்ளே வந்தபோது தும்பை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். "இது சொல்றது நெசமாம்மா?"

சடைச்சி அன்று புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற மாதிரியே நின்றாள். வாய் திறக்கவில்லை. தும்பைக்கு அதுவே போதுமாக இருந்தது.

"ஒனக்காகத்தான்டி" என்றாள் சடைச்சி கடைசியில். "ஒன் புள்ளைக்காக."

"எனக்காகன்னா எங்கிட்டக் கேட்டியா?" என்றாள் தும்பை. "யாருகிட்டயுமே நீ கேக்கலையேம்மா. ஊருக்கே கேக்குறவ நீ."

அப்புறம் தும்பை ஒரு காரியம் செய்தாள். தரையில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் குழந்தையை எடுத்து அணைத்துக்கொண்டாள். மறுபக்கம் குட்டியை இழுத்து மடியில் போட்டு, முந்தானையை விலக்கினாள். "இது உங்கம்மா குடுத்த பால். உனக்குச் சேர வேண்டியது. குடி" என்றாள். குட்டி முதலில் தயங்கியது. பசி விடவில்லை, முட்டி முட்டிக் குடித்தது. சடைச்சி சுள்ளிக்கட்டைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது.

குட்டி குடித்து முடித்துவிட்டுச் சடைச்சி பக்கம் திரும்பியது. அவள் அதன் முன்னால் மண்டி போட்டாள். "ஏசு. ரெண்டு வார்த்த ஏசிட்டுப் போ. எங்கம்மா எங்கன்னு கேளு, சொல்றேன்."

குட்டி அவளைப் பார்த்தது. வாயைத் திறந்தது. "ம்மே" என்றது.

அவ்வளவுதான். பேசத் தெரியாமல் போகவில்லை அதற்கு. பேசி என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டது.

மறுநாள் கோழியிடம் பேச்சு இல்லை. அடுத்த நாள் செவலையிடம் இல்லை. சேதி எப்படிப் பரவியதோ தெரியாது, பாறைப் பொந்துத் தேனீக்கள்கூட வெறுமனே இரைந்தன. பன்றிகூட வாயை மூடிக்கொண்டதுதான் எல்லோருக்கும் அதிசயம். எட்டாம் நாள் மழை வந்தது, நல்ல மழை. சாம்பி கேட்ட பத்து நாளில் இன்னும் இரண்டு நாள் மிச்சம் இருந்தது. பத்தாம் நாள் பாறையடியில் புல் தலைகாட்டியது, குட்டி அதைக் கடித்தது. மலையிலிருந்து மந்தை இறங்கி வந்தது. ஓர் ஆடாவது யாரையாவது நலம் விசாரிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். எல்லாம் தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டு போய்விட்டன.

சடைச்சி புளியமரத்தடியில் ஊரைக் கூட்டினாள். "சாம்பி சம்மதிக்கல. தண்ணி குடிக்கல. நான் பொய் சொன்னேன்" என்றாள்.

"நீ எங்க சொன்ன? நீ வாயே திறக்கலையே" என்றான் ஒருவன். "நாங்கதான் கண்ணால பாத்தமே, தலையாட்டுச்சே" என்றாள் இன்னொருத்தி. தின்றது செரித்தபின் அது தப்பென்று ஒப்புக்கொள்வது யாருக்கும் கஷ்டந்தான்.

வேங்கன் யோசித்துப் பேசினான். "போனது போகட்டும். இப்ப எதுவும் பேச மாட்டேங்குது. பேச்சு இல்லன்னா மறுப்பும் இல்ல. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறின்னு சும்மாவா சொன்னாங்க?"

"அன்னிக்கு நானுந்தான் மௌனமா நின்னேன்" என்றாள் சடைச்சி. "எம் மௌனத்துல என்ன இருந்துச்சுன்னு எனக்குல்ல தெரியும்."

கூட்டம் கொஞ்ச நேரம் சலசலத்தது. ஆனால் முறை என்று ஒன்றைப் பழகிவிட்டால் அதை அப்படியே விட மனசு வராது. கேட்காமல் எடுக்க அவர்களுக்கும் பயமாகத்தான் இருந்தது. அதனால் சடைச்சியின் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த முறை கறி வேண்டுமென்று தோன்றியபோது, ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்தி, செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்தது. "உத்தரவு கெடச்சிருச்சு" என்றார்கள். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

சடைச்சிக்கு மட்டும் நிம்மதி இல்லை. செம்பு போனாலும் கேட்கிற வேலையை அவள் விடவில்லை. தினமும் ஒவ்வொரு உயிராகப் போய்க் கேட்டாள். மழைக்குப் பிறகு கன்று போட்டிருந்த செவலையிடம், "பால் எடுத்துக்கட்டுமா?" என்றாள். செவலை அசை போட்டது. பதில் வரவில்லை, அதனால் எடுக்கவில்லை. கோழியிடம் கேட்டாள், பதில் இல்லை, முட்டையைத் தொடவில்லை. பாறைப் பொந்தின் முன்னால் நின்று கேட்டாள். தேனீக்கள் இரைந்தன, வெறுங்கையோடு திரும்பினாள்.

"பால்ல என்ன இருக்கு? மாடு சாகவா போகுது?" என்று ஊர்ப் பெண்கள் கேட்டார்கள். "தேனுக்குமா?" என்று சிரித்தார்கள்.

"கேட்டிருக்கேன்" என்பாள் சடைச்சி. "பதில் வரட்டும்."

கேழ்வரகும் தினையும் கீரையும் பயறும் வள்ளிக்கிழங்கும் தின்றாள். தும்பையும் அதையே தின்றாள். தும்பையின் மகளுக்கும் சாம்பியின் குட்டிக்கும் ஒரே தாய்ப்பால். கூடப் பிறந்ததைத் தின்ன முடியுமா? அந்தக் குழந்தையிடம் கறி வேண்டுமா என்று யாரும் கேட்கக்கூடத் துணியவில்லை.

வருஷங்கள் போயின. சாம்பியின் குட்டி வளர்ந்து, பெற்று, கிழடானது. தும்பையிடமும் அவள் மகளிடமும் ஒட்டிக்கொண்டு திரியும். சடைச்சியின் அருகில் மட்டும் வராது. அவள் கையில் பாத்திரம் எதையாவது பார்த்துவிட்டால் நொண்டிக்கொண்டே ஓடிவிடும்.

மறுபடியும் ஓர் ஆடி வந்தது, அதே காற்று. நண்பகலில் அந்தக் கிழட்டு ஆடு வாசலுக்கு எதிரே வேலியோரம் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. வீட்டில் சடைச்சியைத் தவிர யாரும் இல்லை. அவள் ஒரு மண்சட்டியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். ஆடு பின்வாங்கியது. அவள் நின்றாள். இத்தனை வருஷமாகத் தான் எதைக் கேட்டுக்கொண்டு அலைகிறோம் என்று அவளுக்கு அப்போது தோன்றியது. கேட்கக் கேட்க அவை ஒதுங்கித்தான் போயிருந்தன. இந்த ஆட்டுக்கு அவள் கையிலிருந்த தண்ணீர் தண்ணீராகவே தெரியவில்லை, அது கேள்வியாகத்தான் தெரிந்தது.

சட்டியைத் தரையில் வைத்தாள். "இது கேள்வி இல்ல தாயி. வெறும் தண்ணி" என்றாள். அப்புறம் திரும்பிப் பார்க்காமல் நடந்து போய், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள்.

காற்று கூரையை அடித்தது. கதவு ஆடியது. எழுந்து பார்க்க வேண்டும் என்று அவள் கால் துடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் காற்றுச் சத்தத்துக்கு நடுவே வேறு ஒரு சத்தம் கேட்டது. ஆடு தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கிற சத்தம்.

அதற்குப் பிறகு சடைச்சி யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் சட்டியை நிரப்பி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அன்று முதல்தான் சில ஊர்களில் ஆட்டின் தலையில் தண்ணீரை ஊற்றி, அது சிலிர்க்கும்வரை காத்திருக்கிறார்கள். அன்று முதல்தான் வேறு சிலர் கறி, பால், முட்டை, தேன் எதையும் தொடாமல், வாசலில் ஒரு சட்டித் தண்ணீரை மட்டும் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். ஏன் சாப்பிடுவதில்லை என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். உடம்புக்கு என்பார் ஒருவர், பாவம் என்பார் இன்னொருவர், மண்ணுக்கும் மழைக்கும் நல்லது என்பார் மூன்றாமவர். எல்லாம் சரிதான். அடியில் இருப்பது சடைச்சியின் காரணம்: அன்றைக்கே கேட்டாயிற்று, பதில் இன்னும் வரவில்லை.